இந்த லெட்டரை யாருக்கு அனுப்புறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவா எங்கன்னு கேட்காதீங்க, பஸ் திருமங்கலம் தாண்டுறதுக்குள்ள தீர்ந்துடுச்சு.

இன்னைக்குப் பேசப்போறது ஒரு லெட்டரைப் பத்தி. அனுப்பாத லெட்டர்.

அம்மாவோட ஃப்ரெண்ட் ஒருத்தங்க, நான் அத்தைன்னு கூப்பிடுவேன், ராஜபாளையம் பக்கத்துல ஒரு இல்லத்துல கணக்கு பார்க்கிறாங்க. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான இல்லம். அதை நடத்துறது சின்ன டிரஸ்ட்தான். சிறப்பாசிரியர்களுக்கான மதிப்பூதியத்துக்கும் பிள்ளைகளோட சாப்பாட்டுக்கும் அரசு மானியம் வரும். பாக்கிச் செலவை உள்ளூர் நன்கொடையில பார்த்துக்குவாங்க. பிறந்தநாள் சாப்பாடு, திவசச் சாப்பாடு, தீபாவளிக்குத் துணி, இப்படி.

ஒரு வருஷம் மானியம் ஏழு மாசம் வரல. ரெண்டு டீச்சர் வேற வேலை பார்த்துக்கிட்டுப் போயிட்டாங்க. பலசரக்குக் கடைக்காரர் கணக்கு நோட்டைக் காட்டுறதையே விட்டுட்டார். அத்தைக்கு அதுதான் ரொம்ப அவமானமா இருந்துச்சாம். ராத்திரி உட்கார்ந்து ரெண்டு பக்கத்துக்கு ஒரு லெட்டர் எழுதினாங்க. எந்த மாசத்துக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில என்ன பேப்பர் கொடுத்தோம், எல்லாம் அதுல இருந்துச்சு. படிச்சுப் பார்த்துட்டு, "அனுப்ப வேண்டியதுதானே அத்தை?"ன்னு கேட்டேன்.

"யாருக்கு அனுப்புறது? நீயே சொல்லு"ன்னாங்க.

மானியத்துக்குப் பரிந்துரை பண்றது ஒரு ஆபீஸ். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றதும் அதே ஆபீஸ். பதிவைப் புதுப்பிக்கணும்னா பேப்பர் போறதும் அதே ஆபீஸ் வழியாத்தான். "லெட்டர் அந்த மேஜைக்குப் போன மறுவாரம் இன்ஸ்பெக்‌ஷன் வந்து, பாத்ரூம் ஓடு உடைஞ்சிருக்குன்னு எழுதினா என்ன பண்றது? ஓடு உண்மையிலேயே உடைஞ்சுதான் இருக்கு. மாத்தக் காசு இல்ல. காசு ஏன் இல்லைன்னு உனக்கே தெரியும்."

ஒண்ணு கவனிங்க. யாரும் அவங்கள மிரட்டல. எந்த அதிகாரியும் லஞ்சம் கேட்டதா அத்தை சொல்லல. "பாவம், அவங்களுக்கும் மேல இருந்து ஃபண்ட் வரணும்ல"ன்னுதான் சொன்னாங்க. ஆனாலும் லெட்டர் ஃபைலை விட்டு வெளிய வரல. கெட்டவங்க யாருமே இல்லாம ஒரு நிறுவனத்தோட வாய் எப்படி மூடுது? இன்னைக்கு எபிசோடே இந்தக் கேள்விதான்.

அப்போ கண்காணிப்பே வேண்டாமா?

கண்டிப்பா வேணும். 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை ஒட்டி, மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்தச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

"நல்லது செய்றோம், எங்களை எதுக்கு சார் கேள்வி கேக்கறீங்க?"ன்னு எந்த இல்லமும் சொல்ல முடியாமல் போனதற்கு ஏர்வாடியும் ஒரு காரணம். உள்ளே இருக்கிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்காகப் பேச முடியாதவர்கள். வெளியிலிருந்து ஒருத்தர் வந்து பார்த்தே ஆகணும். அந்த ஒருத்தர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதில்தான் சிக்கல்.

சட்டத்தைப் பார்ப்போம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. இந்த மாதிரி இல்லம் நடத்த வேண்டுமென்றால் பதிவு வேண்டும். பதிவு கொடுக்கிற அதிகாரியை நியமிப்பது மாநில அரசு. பதிவை ரத்து செய்யும் அதிகாரமும் அவருக்கே. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், ஆனால் எந்த அமைப்பிடம் என்று அறிவிப்பதும் மாநில அரசுதான். அடுத்து 55-ஆவது பிரிவைப் பாருங்க. பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு அரசு தன் பொருளாதார வசதிக்கு உட்பட்டு நிதியுதவி செய்யலாம் என்கிறது. செய்யணும் என்று இல்லை, 'செய்யலாம்'.

பதிவு, ரத்து, மேல்முறையீடு, பணம். நாலும் கடைசியில் ஒரே கூரைக்குக் கீழே போய்ச் சேர்கிறது. அத்தை சட்டம் படிச்சவங்க இல்ல. ஆனா இந்த நாலு பிரிவையும் ஒரே வாக்கியத்துல சொல்லிட்டாங்க: யாருக்கு அனுப்புறது?

அரசுப் பணம் வாங்குறதே தப்பா?

இல்லைன்னுதான் நினைக்கிறேன். இதுக்கு எதிர் உதாரணம் உங்க தெருவிலேயே இருக்கும். 'அரசு உதவி பெறும் பள்ளி'ன்னு போர்டு பார்த்திருப்பீங்க. தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கொடுக்கும் முறை 1854-ல் வந்த சார்லஸ் உட் அறிக்கையிலிருந்து வளர்ந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ அறக்கட்டளைகள், மிஷன்கள், ஊர்ச் சங்கங்கள் இந்த மானியத்தில்தான் பள்ளி நடத்துகின்றன. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தலைமுறை தலைமுறையாக இதில் படித்து வந்திருக்கிறார்கள்.

அங்கே ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம். ஆனால் பணியிடம் ஒப்புதல் பெற்றதா, சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் விதிகளில் எழுதியிருக்கிறது. சம்பளம் வரவில்லை என்றால் ஆசிரியர் சங்கம் போராடும், உயர் நீதிமன்றத்துக்குப் போகும். பயப்படுவது இல்லை, ஏன்னா அது சலுகை இல்ல, பாக்கி.

இல்லத்துக்கு வரும் மானியம் அப்படியில்லை. வருஷா வருஷம் விண்ணப்பம், பரிந்துரை, ஒதுக்கீடு. ரெண்டுமே அரசுப் பணத்தை நம்பித்தான் இருக்கிறது. ஒன்றில் விதியை நம்பி இருக்கிறார்கள், இன்னொன்றில் ஒருவரின் மனசை நம்பி இருக்கிறார்கள்.

கோயிலில் பணம் எதிர்த்திசையில் போகிறது

இப்போ ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறுங்க. அரை மணி நேரத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும். 11 நிலை. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் இதுதான்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

கோயில் எதுக்கு இந்த எபிசோடுலன்னு கேக்கலாம். தமிழ்நாட்டில் அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் மிகப் பெரிய அமைப்பு எது? இந்து சமய அறநிலையத் துறை. பெயரிலேயே 'அறநிலையம்' இருக்கிறது. 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களும் மடங்களும் கட்டளைகளும் அதன் கீழ் வருகின்றன.

முன்கதை சுருக்கமா. கோயில் நிலங்களைத் தர்மகர்த்தாக்கள் விழுங்கிவிடுகிறார்கள் என்ற புகார் நூறு வருஷத்துக்கும் பழசு. நீதிக்கட்சி ஆட்சியில் 1920-களில் சட்டம் வந்தது, கண்காணிக்க ஒரு வாரியம் உருவானது. வாரியத்தில் இருப்பவர்களை நியமித்தது அரசுதான். ஆனாலும் அது அரசுத் துறை இல்லை, சட்டத்தால் உருவான தனி அமைப்பு. 1951-ல் வந்த சட்டம் அந்த வாரியத்தை எடுத்துவிட்டு, ஆணையர் தலைமையில் நேரடியாக அரசுத் துறையாக மாற்றியது.

அப்போது முதலமைச்சர் யார் தெரியுமா? பி.எஸ். குமாரசாமி ராஜா. ராஜபாளையத்துக்காரர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சி அவர் கையில். சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காக ஊருக்குக் கொடுத்தவர். தர்மம் என்றால் என்ன என்று தெரிந்த மனிதரின் ஆட்சியில்தான் இந்த மாற்றம் நடந்தது. நல்ல நோக்கத்தில் உருவான அமைப்பிலும் ஓட்டை இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த ஓட்டை மூணே வருஷத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1954, ஷிரூர் மடம் வழக்கு. மத சுதந்திரம் பற்றிய தீர்ப்பு என்று சட்டம் படிக்கிறவர்கள் இதைப் படிப்பார்கள். அதில் பணத்தைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. கண்காணிப்புச் செலவுக்காகக் கோயில்களும் மடங்களும் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும் என்றது 1951 சட்டம். நீதிமன்றம் கேட்டது இதுதான்: வாங்குகிற பணம் அரசின் பொதுக் கணக்கில் போய்ச் சேர்கிறது, செய்யும் சேவைக்கும் வாங்கும் தொகைக்கும் கணக்குப் பொருத்தம் இல்லை, அப்படியானால் இது கட்டணமா, வரியா? வரிதான் என்று சொல்லி அந்தப் பிரிவை ரத்து செய்தது.

பிறகு சட்டத்தை மாற்றி எழுதினார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 1959 சட்டம். அதன் 92-ஆவது பிரிவுப்படி கோயில்கள் துறைக்குப் பங்களிப்பு கட்டுகின்றன, வருமானத்தைப் பொறுத்து அதிகபட்சம் 12 சதவீதம் வரை. தணிக்கைக் கட்டணம் தனி.

அதாவது இல்லத்துக்குக் கண்காணிக்கிறவர் பணம் கொடுக்கிறார், கோயிலோ கண்காணிக்கிறவருக்குப் பணம் கொடுக்கிறது. திசைதான் வேறு, முடிச்சு ஒன்றுதான். செயல் அலுவலரை நியமிப்பது துறை. சில தகராறுகளை முதலில் விசாரிப்பது துறையின் இணை ஆணையர். அதன்மேல் மேல்முறையீடு கேட்பது துறையின் ஆணையர். அதற்குப் பிறகுதான் நீதிமன்றம். நடத்துகிறவரும் நடுவரும் ஒரே சட்டை போட்டிருந்தால், நடுவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கேலரியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சந்தேகம் வரும்.

2014 ஜனவரியில் சிதம்பரம் நடராஜர் கோயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே வேறு மாதிரி சொன்னது. நிர்வாகத்தில் சீர்கேடு இருந்தால் அரசு தலையிடலாம், ஆனால் அந்தச் சீர்கேட்டைச் சரிசெய்யும்வரை மட்டும்தான், காலவரையின்றி வைத்துக்கொள்ள முடியாது.

இதை வச்சு 'கோயிலை விட்டு அரசே வெளியேறு'ங்கிற கோஷத்துக்கு நான் கைதூக்கறதா நினைக்காதீங்க. துறை வருவதற்கு முன்னால் இருந்ததும் பொற்காலம் இல்லை. 'அரசா, பரம்பரை தர்மகர்த்தாவா'ன்னு ரெண்டு விடை மட்டுமே வச்சு நாம சண்டை போடுறோம். மூணாவதா ஒண்ணு இருக்கு: அரசிடமிருந்தும் தர்மகர்த்தாவிடமிருந்தும் தள்ளி நிற்கும் கண்காணிப்பாளர்.

வெளிநாட்டுப் பணம்: வாசலில் நிற்பது யார்?

அரசுப் பணம் வேண்டாம், வெளியே வாங்கிக்கிறேன்னு ஒரு நிறுவனம் முடிவெடுத்தா? அங்கே எஃப்.சி.ஆர்.ஏ. வரும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். முதலில் வந்தது 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில். இப்போது இருப்பது 2010-ல் வந்தது. பதிவு கொடுப்பது, புதுப்பிப்பது, நிறுத்திவைப்பது, ரத்து செய்வது எல்லாமே மத்திய உள்துறை அமைச்சகம். அதாவது அரசைக் கேள்வி கேட்கிற நிறுவனத்துக்கு வரும் பணத்தின் சாவியும் அரசிடமே.

இது ஒரு கட்சியின் கதையும் இல்லை. 2012-ல் கூடங்குளம் போராட்டம் நடந்தபோது மத்தியில் காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. போராட்டத்துக்கு உதவியதாகச் சொல்லி சில தொண்டு நிறுவனங்கள்மீது இதே சட்டத்தில் நடவடிக்கை பாய்ந்தது. 2020-ல் பா.ஜ.க. ஆட்சி சட்டத்தை இன்னும் இறுக்கியது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. ஒரு நிறுவனம் தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுப்பது முழுக்கத் தடையானது. 2022-ல் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தங்களைச் செல்லும் என்றது, வெளிநாட்டு நன்கொடை பெறுவது யாருக்கும் முழு உரிமை கிடையாது என்றும் சொன்னது.

அந்தத் தடை எங்க ஊருக்கு என்ன பண்ணும்னு யோசிங்க. சின்ன நிறுவனத்துக்கு நேரடியாக வெளிநாட்டுத் தொடர்பு இருக்காது. சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் பெரிய நிறுவனம் வாங்கி, இங்கே பகிர்ந்து கொடுக்கும். அந்தக் குழாய் அடைபட்டதும் மிச்சம் ரெண்டு வழி. ஒன்று, கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம். மில்லும் சிமென்டும் இருக்கிற ராஜபாளையத்துக்கு அது கொஞ்சம் எட்டும், பக்கத்துக் கிராமத்துக்கு எட்டாது. இரண்டு, மறுபடியும் அரசு மானியம். ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவின்மேல் சார்பு கூடத்தான் செய்யும்.

வேற எங்கேயாவது இதைச் சரியா பண்றாங்களா?

முழுசா எங்கேயும் இல்ல. ஆனா முயற்சிகள் இருக்கு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறநிறுவனங்களுக்கென்று ஒரு ஆணையம் இருக்கிறது, 1853-லிருந்து. தன் வேலையில் அது எந்த அமைச்சரின் கட்டளைக்கும் கட்டுப்பட்டதல்ல என்று 2011 சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் ஆணையத்தின் தலைவரை நியமிப்பது அமைச்சர். அதனால் ஒவ்வொரு நியமனத்தின்போதும் 'இவர் யாருடைய ஆள்?' என்ற சண்டை வரும்.

அங்கே இன்னொன்றும் நடந்தது. 2016 பிப்ரவரியில் அந்த அரசு ஒரு நிபந்தனையை அறிவித்தது: மானியம் வாங்கும் நிறுவனங்கள் அந்தப் பணத்தைக் கொண்டு அரசின் கொள்கையை மாற்றச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. 'சோறு போடு, ஏன் பசின்னு கேக்காதே'ங்கிற மாதிரி. எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. ஏப்ரலில் நிறுத்திவைத்தார்கள், வருஷக் கடைசியில் அதை விட்டுவிட்டு வேறு விதிகளைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியா இதற்கு நேரெதிராகப் போனது. மத்திய அரசின் மானிய ஒப்பந்தங்களில் வாய்ப்பூட்டு நிபந்தனை போடக் கூடாது என்று 2013-ல் சட்டமே இயற்றினார்கள்.

இந்தியாவுக்குள் மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் அறநிறுவன ஆணையர் என்று தனி அதிகாரி உண்டு, 1950-ல் வந்த பம்பாய் பொது அறக்கட்டளைகள் சட்டத்தின் வழியாக. அவரும் மாநில அரசு நியமிக்கிறவர்தான். ஆனாலும் டிரஸ்ட்களைப் பார்ப்பதே வேலை என்று ஒரு நாற்காலி இருக்கிறது. தமிழ்நாட்டில் அதுவும் இல்லை. டிரஸ்ட் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில், சங்கம் 1975 சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம், வரிவிலக்கு வருமான வரித் துறையில், இல்லத்துக்கு அனுமதி வேறு துறையில். நாலு பேர் பார்க்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு கதவு

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் விருதுநகர்ல இல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 92-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு (கோயில் பங்களிப்புக்கும் 92, இதுக்கும் 92, தற்செயல்தான்). ஒரு பொது அறக்கட்டளையில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு வழக்குப் போடலாம். தர்மகர்த்தாவை நீக்கு, கணக்கைக் காட்டச் சொல், நிர்வாகத் திட்டம் வகுத்துக் கொடு என்று கேட்கலாம். அங்கே நீதிபதிக்கு டிரஸ்டிடமிருந்து பணம் வராது, டிரஸ்டுக்கு நீதிபதியிடமிருந்தும் பணம் வராது. நான் தேடுகிற தூரம் அதுதான்.

ஆனா ரெண்டு குறை. அறநிலையத் துறைச் சட்டத்துக்குள் வரும் கோயில்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று 1959 சட்டமே சொல்லிவிட்டது. மற்றது, இது தப்பு பண்ணின டிரஸ்டைக் கேட்கிற கதவு. மானியம் தாமதமாகிற டிரஸ்ட் அரசைக் கேட்கணும்னா உயர் நீதிமன்றத்துக்குப் போகணும். மதுரைக் கிளை பக்கம்தான். ஆனா பலசரக்குக் கடை பாக்கி இருக்கிற இல்லம் எந்த வக்கீலுக்கு எதை ஃபீஸாக் கொடுக்கும்?

பெரிய புரட்சியெல்லாம் நான் கேக்கல. மூணே மூணு. ஒண்ணு, மானியம் கொடுக்கிற மேஜையும் இன்ஸ்பெக்‌ஷன் பண்ற மேஜையும் வேற வேற ஆபீஸ்ல இருக்கட்டும். ரெண்டு, மானியத்துக்குத் தேதி இருக்கட்டும், தாண்டினா காரணத்தை எழுத்துல சொல்லட்டும். மூணு, புகார் போற இடம் அந்த ரெண்டு ஆபீஸுக்கும் வெளிய இருக்கட்டும். ஏர்வாடி மாதிரி இன்னொண்ணு நடக்காம இருக்கிறதுக்கும் இதுதான் வேணும். பயந்துபோய் நிக்கிற இல்லம் தன் குறையை மறைக்கத்தான் பார்க்கும்.

நீங்க ஏதாவது இல்லத்துக்கு நன்கொடை கொடுக்கிறவரா இருந்தா, அடுத்த தடவை சாப்பாட்டோட சேர்த்து ஒரு கேள்வியையும் கொண்டுபோங்க: "அரசு மானியம் கடைசியா எந்த மாசம் வந்துச்சு?" அவங்க எழுதிக் கேட்க முடியாததை நீங்க கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல எந்தக் குடிமகனும் மனு போடலாம். உங்க வீட்டுக்கு யாரும் ஓடு உடைஞ்சிருக்கான்னு பார்க்க வரமாட்டாங்க.

கிளம்புறப்போ அத்தைகிட்ட கேட்டேன், அந்த லெட்டரை நான் எடுத்துட்டுப் போகட்டுமான்னு. கொஞ்ச நேரம் யோசிச்சாங்க.

"பேரை எல்லாம் அடிச்சிட்டு எடுத்துட்டுப் போ. கணக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும், அதுல ஒரு ரூபாகூட தப்பில்ல"ன்னாங்க.

என்கிட்டதான் இருக்கு. மனுவா எழுதிட்டு இருக்கேன். பதில் வந்தா அதுவும் ஒரு எபிசோட். வராட்டியும் ஒரு எபிசோட்.